நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூரம் போனவர்

“அவரு கையில இருந்த வரைக்கும் கிளிப்பச்சை, என் பையில போட்டதும் மயில்நீலம், எம்மவ கல்யாணம் என்ன கோமாளிக் கூத்தா?” என்று எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்த உறையூர் அம்மாள் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஓர் எழுத்துப் பிசகாமல் இரண்டாம் தடவை கேட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததும், அவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரட்டும் என்று மூன்றாம் தடவையும் கேட்டாள். பெயர் தையல்நாயகி. அவள் கையில், பையைப் பிரித்துப் பார்க்காமலே தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து, கொக்கி வைத்து, ஜரிகை பார்டர் எல்லாம் ஏற்றி முடித்த ஒரு கல்யாண ஜாக்கெட்.

“ஒரு தரம் சொன்னா எனக்குப் புரியும்மா, நீங்க ஒண்ணும் மைக் செட் போட வேண்டாம்” என்றேன். “புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனீங்க, உங்க கண்ணால பாத்தீங்க, கிழிச்சுக் குடுத்தாங்க. சாயம் போச்சுன்னா கடையில போய்க் கேளுங்க. வீட்டுல வந்து நின்னா?”

“சாயம் போனா வெளுக்கும். பச்சை நீலமாவா ஆகும்? கான்வென்ட் இங்கிலீசெல்லாம் பேசறீங்க, இது தெரியாதா?”

உள்ளே திரும்பி அவரைக் கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் இன்னாசிராஜ் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு மேட்சிங் கடையில் முப்பத்தோரு வருஷமாகக் கலர் பார்க்கிறவர். புடவையைக் கொண்டுபோய் மேஜையில் போட்டால் அலமாரியில் அடுக்கியிருக்கும் அறுநூறு சுருளில் எது அதற்குச் சேரும் என்று விரலை வைத்து எடுத்துவிடுவார். டியூப்லைட் பொய் சொல்லும் என்று வாடிக்கையாளரைக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுவார். தையல்நாயகியையும் அப்படித்தான் வாசலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்; புடவை இவள் கையில், துணி அவர் கையில். ‘அக்கா, இது எனக்கு நீலமாத்தான் தெரியுது’ என்றும் சொல்லியிருக்கிறார். ‘உங்களுக்குக் கண்ணு போச்சு, கிழிங்க’ என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டில் நின்று மூன்று தடவை சொன்னதில் ஒரு தடவைகூடச் சேர்க்கவில்லை.

அவர் வந்தார். ஜாக்கெட்டைக் கையில் வாங்கினார். மார்கழி முடிந்து தை பிறந்த வெயில், காலை பத்து மணி, ஒளிவு மறைவில்லாத வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், நாங்கள் இரண்டு பேரும் எதிர்வீட்டு ஜன்னலும் பார்த்துக்கொண்டிருக்க, மயில்நீலம் அவர் உள்ளங்கையில் கிளிப்பச்சையாக ஆனது. தையல்நாயகி வெடுக்கென்று பிடுங்கினாள், நீலம். திரும்பக் கொடுத்தாள், பச்சை. இப்படியே நாலைந்து தடவை வாங்குவதும் கொடுப்பதுமாக இருந்துவிட்டு, குரலை இறக்கி, அதுவரை இல்லாத ஒரு மரியாதையோடு சொன்னாள்.

“அம்மா, இது துணியோட கோளாறு இல்லை. உங்க வீட்டுக்காரரோடது.”

பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள். “லுங்கி என்ன கலர்?”

“நீலக் கட்டம்” என்றேன் பட்டென்று. தோய்ப்பவள் நான், கொடியில் போடுபவள் நான், மடித்து வைப்பவள் நான். அதன் நிறத்தை எனக்கு ஒருத்தி வந்து சொல்லித் தர வேண்டுமா? சொல்லிவிட்டுப் பார்த்தேன். பச்சைக் கட்டம். கொடியிலே நீலமாகக் காய்ந்த லுங்கி அவர் இடுப்பில் பச்சையாக இருந்தது. அது எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று தையல்நாயகி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் இடுப்பில் கட்டியிருக்கும் லுங்கியை எந்த மனுஷி உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

அந்தப் பெண்ணின் கல்யாணம் பச்சைப் புடவையும் நீல ஜாக்கெட்டுமாக நடந்தது. அதுவே ஒரு புது மோஸ்தர் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள் என்பதால் தையல்நாயகி மறுபடி சண்டைக்கு வரவில்லை. பழத்தட்டோடு வந்தாள், அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். அவளைத் தொடர்ந்து தெரு வந்தது.

மேலப்புதூரில் எங்கள் தெரு எதற்கும் ரொம்ப நாள் ஆச்சரியப்படுகிற தெரு இல்லை. முதலில் எல்லாரும் ஆளுக்கொரு துணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துப் பார்த்தார்கள், ஊதாவைக் கொடுத்தால் நீலம், நீலத்தைக் கொடுத்தால் பச்சை, பச்சையைக் கொடுத்தால் மஞ்சள், மஞ்சளைக் கொடுத்தால் காவி, சிவப்பைக் கொடுத்தால் அடுப்பில் அணைந்த கரி. கையை விட்டதும் அததற்கு அதது திரும்பிவிடும். செய்தித்தாள் அவர் பிரித்தால் பழுப்பாகும், மடித்து வைத்தால் வெளுக்கும். தட்டில் நான் போட்டது வெள்ளைச் சோறு. அது அவர் கைக்கும் வாய்க்கும் நடுவே எலுமிச்சைச் சோறாகப் போகும். உயிர் உள்ளவை மட்டும் மாறவில்லை. பூனையைத் தூக்கி மடியில் வைத்தோம், பூனை வெள்ளையாகவே இருந்தது. என் கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள், பிடித்தார், என் கை என் நிறத்தில்தான் இருந்தது. உயிர் உள்ளது எதுவும் இன்னொருத்தரோடு சும்மா கூடவே போய்விடாது போலிருக்கிறது.

மாசி மாதம் லுங்கி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்தது, நரைத்த தலை பித்தளைக் குடம் மாதிரி ஆனது, உடனே தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை. பதினோரு வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்தது. அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் இருபத்தோரு நாள் அவர் குடித்தார், உப்பையும் எண்ணெயையும் விட்டார், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ‘இவருக்கு ஒண்ணுமே இல்லையேம்மா’ என்று ஏமாற்றத்தோடு சொன்னார். ‘ஒண்ணும் இல்லாமலா ஒரு மனுஷன் பித்தளையாவான்?’ என்றேன். ‘லுங்கிக்குமா மஞ்சக்காமாலை?’ என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி பதினோரு வீட்டில் ஒருத்தருக்கும் எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

கடை முதலாளி அமீன் பாய்தான் முதலில் இதை ஒரு வேலை ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். ‘இன்னாசி, உன் கையில இருக்கிறது உனக்குச் சரியாத்தானே தெரியுது? அப்ப புடவை, துணி ரெண்டையும் உன் மடியில வச்சுப் பாரு. பாத்துட்டுக் கீழே வை. கீழே வச்ச பொறகு கஸ்டமர் பாக்கட்டும்.’ அவ்வளவுதான். கடையில் அதை எழுதியே ஒட்டிவிட்டார்கள்: பொருள் கீழே வைக்கப்பட்ட பின் நிறம் பார்க்கவும். வியாபாரம் குறையவில்லை, கூடியது. இதே புடவை வேறு கலரில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே பெண்கள் கூட்டமாக வந்து அவர் கையில் புடவையைத் திணித்தார்கள். தவக்காலம் வந்தபோது எங்கள் கோயில் ஃபாதர் அந்துவான், பூசைக்கு முன் தன் பூசை உடையை எடுத்துக் கொடுக்கும் வேலையை அவரிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்; ஊதா உடையை அவர் நீட்டும்போது நீலமாகத் தெரிவது, தெரிந்த விஷயமே என்றாலும், பீடப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது. ஆனால் உயிர்ப்புப் பண்டிகையன்று அவர் காவி நிறமாக முன் பெஞ்சில் மண்டியிட்டபோது யாரும் சிரிக்கவில்லை. டவுன்ஷிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குழந்தை மட்டும் விரலை நீட்டியது, அதன் அம்மா விரலை மடக்கிவிட்டாள். அதற்குள் அவர் எங்கள் தெருவுக்கு வேப்பமரம், தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரு சங்கதியாகிவிட்டார்.

டப்ளினில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஒரே மகள் ஷீபா வீடியோ காலில் ‘அப்பா, அந்த லைட்டை மாத்துங்கப்பா, முகமே தெரியலை’ என்றாள். ‘மாத்தறேன்மா’ என்றார் அவர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே இழுத்து இழுத்துப் பேசும் குரல், ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு அடுத்த சொல்லுக்கு அறுநூறு சுருளில் தேடுகிற குரல். அந்தத் தேடலைப் பொறுக்க முடியாமல்தான் இருபத்தெட்டு வருஷமாக அவர் வாக்கியங்களை நான் முடித்து வைத்திருக்கிறேன்.

லீமா ரோஸ் என்னோடு கான்வென்டில் ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறாள். ஒரு சனிக்கிழமை காலை வந்து, சமையலறை வாசலில் நின்று, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஜெசிந்தா, இது வியாதி இல்லைடி. அவர்கிட்டேர்ந்து வர்ற வெளிச்சம் நீண்டுக்கிட்டே போகுது. அலைநீளமும் அதிர்வெண்ணும் ஞாபகம் இருக்கா?”

“முப்பத்தெட்டு மார்க் வாங்கினவகிட்ட கேக்கற கேள்வியா? ஒண்ணு கூடினா ஒண்ணு குறையும். ரெண்டையும் பெருக்கினா எப்பவும் ஒரே விடை. வெளிச்சத்தோட வேகம்.”

“அதேதான்.”

அது மட்டும் எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அதை நடந்து பார்த்திருக்கிறேன். அவர் உயரமான ஆள், நீள எட்டு வைப்பார், கோயிலுக்குப் போய்ச் சேர அவருக்கு நானூறு எட்டு போதும். நான் குட்டை, என் எட்டும் குட்டை, எனக்கு எண்ணூறு வேண்டும். எட்டு நீளமாக இருந்தால் எண்ணிக்கை குறைவு, எட்டு குட்டையாக இருந்தால் எண்ணிக்கை அதிகம், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கோயில் வாசலில் நிற்போம். சிவப்பு வெளிச்சம் அவர் மாதிரி நடக்கிறது, ஊதா வெளிச்சம் என் மாதிரி ஓடுகிறது, ஒன்றும் மற்றொன்றுக்குப் பிந்துவதில்லை.

“சரி, நீளட்டும். ஏன் நீளணும்?” என்றேன்.

லீமா பீன்ஸை ஒடித்துக்கொண்டே சொன்னாள். ஒருத்தன் தினமும் உனக்கு ஒரு கடிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஊரை விட்டுக் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள். இன்றைக்கு விராலிமலையில் போடுகிறான், நாளைக்குத் துவரங்குறிச்சியில், மறுநாள் மேலூரில். சொன்ன சொல் தவறாமல் தினம் ஒன்று போடுகிறான், தபாலும் ஒரே வேகத்தில்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு கடிதமும் முந்தையதைவிடத் தள்ளி நின்று கிளம்புவதால் வழியில் கடிதத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே இடைவெளி நீண்டுவிடுகிறது, உன் கைக்குத் தினம் ஒன்று வந்தது போய் இரண்டு நாளைக்கு ஒன்று வருகிறது. இடைவெளி நீளம், எண்ணிக்கை குறைவு. வேகம் அப்படியே.

“வெளிச்சத்துல அந்த மாதிரி ஆனா நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், எல்லாம் சிவப்புப் பக்கமா நகரும். தூரத்து நட்சத்திரக் கூட்டமெல்லாம் நம்மை விட்டு ஓடுதுன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க.”

“அவரு எங்கேடி ஓடறாரு? அதோ உக்காந்து ராசிபலன் படிச்சுக்கிட்டிருக்காரு.”

“அது எனக்குத் தெரியாது ஜெசி. என் பாடப் புத்தகத்துல அது இல்லை. ஆனா அவரு போயிட்டிருக்காரு.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். “எது வரைக்கும்?”

“சிவப்பு வரைக்கும் நமக்குக் கண்ணு இருக்கு. அதுக்கு மேல அலை நீண்டா, வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருக்கும், நாமதான் பாக்க முடியாது.”

“ஆளு?”

“ஆளு இருப்பாரு.”

“பாக்க முடியாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது?” என்று கத்திவிட்டேன். ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டேன்; இரண்டடி நெருங்கினால் இரண்டடிதான் நெருங்கியது, நிறம் அசையவில்லை. ‘நில்லுங்க’ என்று அதட்டினேன், ‘நின்னுட்டுத்தானேம்மா இருக்கேன்’ என்றார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன், கடைக்கு லீவு போட வைத்தேன், வெயிலே படாமல் உள் அறையில் உட்கார வைத்தேன், பிறகு முழு வெயிலில் மொட்டை மாடியில் உட்கார வைத்தேன். வைகாசி கழிந்து ஆனி பிறந்தபோது லுங்கிக் கட்டங்கள் செங்கல் நிறத்தில் இருந்தன, பித்தளைத் தலை செம்பாகிவிட்டது, முகத்தின் மாநிறம் இருண்டு, மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் தெரு முனையில் ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் தங்களை அறியாமல் பிரேக் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் போட்டிருந்த நேரத்தில், எதிரே போய் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

“எங்கேதாங்க போறீங்க? சொல்லிட்டாவது போங்க.”

அவர் ரொம்ப நேரம் சொல் தேடினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“நான் எங்கேயும் போகலை ஜெசி. நீதான் போயிட்டிருக்கே.”

“நானா? நல்லா இருக்கு கதை. தெருவே உங்களைப் பாத்துச் சிரிக்குது, என்னைச் சொல்றீங்களா?”

“இப்ப எனக்கும் எல்லாம் சிவந்துதான் தெரியுது. கடை, தெரு, பீடம் எல்லாம். அது இந்த மார்கழி, தையிலேர்ந்துதான். ஆனா நீ… நாலு வருஷம்.” சொல்லை நிறுத்தி, என் சேலையைப் பார்த்தார். அது ஷீபா வாங்கி அனுப்பிய கடல்நீலம், கோயிலுக்கு மட்டும் கட்டுவேன். “இந்தச் சேலை வந்த அன்னைக்கே எனக்குப் பச்சை. போன வருஷம் மஞ்சள். நான் கலர் பாக்கறவன். எனக்குத் தெரியாதா?”

“சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நீ… ஏதாவது சொல்லுவே.”

நாலு வருஷம் என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி ‘என்ன நாலு வருஷம், என்ன கணக்கு’ என்று கேட்டேனே தவிர, தெரிந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் என் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நாள் கொடுத்திருந்தார்கள். அன்று காலை அவர் கடைக்குச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, என் மருந்துச் சீட்டெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டி நின்றார். நான் சொன்னேன்: ‘நீங்க வந்து அங்க என்ன கிழிக்கப் போறீங்க? துணியா கிழிக்கணும்? வீட்டுல இருங்க.’ பையை வாங்கிக்கொண்டு லீமாவோடு ஆட்டோவில் ஏறினேன். கட்டி சாதுவான கட்டிதான், மூன்று தையலோடு மாலையில் வந்துவிட்டேன், வந்ததும் சாம்பாருக்குப் பருப்புப் போட்டேன். அதைப் பற்றி நாங்கள் அப்புறம் பேசியதே இல்லை. பயந்துபோயிருந்தேன் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை, லீமாவிடமும் இல்லை. பயத்தை அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவரை வாசலிலேயே நிறுத்தினேன், ஆனால் வாயில் வந்தது அந்தச் சொல்.

மறுநாளே லீமாவைப் போய்ப் பிடித்தேன். “யாருடி போறது? அவரா, நானா?”

“வெளிச்சத்துக்கு அது தெரியாது” என்றாள். “யார் நிக்கறாங்க, யார் போறாங்கன்னு அது சொல்லாது. நடுவுல தூரம் வளருதுன்னு மட்டும்தான் சொல்லும். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்.”

எனக்கு அதில் ஒரு பிடி கிடைத்தது. போவது நானாகவும் இருந்தால், வருவதும் நானாக இருக்கலாம். எப்படி வருவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் வந்தேன். தினமும் மூன்று மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு அவர் கடையிலிருந்து வந்திருக்கும் நேரத்தில், அவர் எதிரே உட்கார்ந்தேன், அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிகிற வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியாது. எனக்கு அது முழங்காலில் மலைக்கோட்டை ஏறுகிற மாதிரி இருந்தது. அவர் ‘இன்னைக்குக் கடையில’ என்று தொடங்குவார், நிறுத்துவார், மின்விசிறி சுற்றும், எங்கோ குக்கர் கூவும், அரை வழியில் விட்டதை எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசிப்பார், என் நாக்கு நுனியில் மூன்று விதமான முடிவு தயாராக நிற்கும், நான் விழுங்குவேன். ‘அமீன் பாய் ஒரு… ராமர் பச்சைன்னு ஒரு சுருள்… அதைக் காட்டினாரு’ என்று ஒருவழியாக முடியும். முடிந்த வாக்கியத்தில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அது அவருடைய வாக்கியம்.

ஒன்பதாம் நாள் லுங்கியின் செங்கல் நிறம் காவியாகியிருந்தது. நான் மட்டும் சொல்லவில்லை. பால் ஊற்ற வந்தவள் சொன்னாள், எதிர்வீட்டு ஜன்னல் சொன்னது, ஆட்டோக்காரர்கள் பிரேக் போடாமல் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில் அவர் நடந்தபோது அவர் முகத்தில் மூக்கும் கன்னமும் தனித்தனியாகத் தெரிந்தன. ஃபாதர் அந்துவான் ஒரு நொடி அதிகமாக அவரைப் பார்த்தார், பாட்டுக்குழு ஒரு வரியை இரண்டு தடவை பாடியது. தையல்நாயகிக்கு யார் சொன்னார்களோ, உறையூரிலிருந்து மறுபடி பழத்தட்டோடு வந்துவிட்டாள். “அண்ணனுக்குக் கலர் திரும்புதாமே!” என்றாள். அண்ணனாம். “திரும்பட்டும்மா, கண்ணு வைக்காதீங்க” என்றேன், ஆனால் அன்று அவளுக்குக் காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

பதினான்காம் நாள், அதே மூன்று மணி. அவர் தலையில் செம்பு குறைந்து பித்தளை எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் லுங்கி பச்சை, அதற்கப்புறம் நீலம் என்று நான் மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்துத் தொடங்கினார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வந்திருந்தா…”

நிறுத்தினார். சொல் தேடினார். மின்விசிறி சுற்றியது.

“வந்திருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க, உங்களையும் சேத்து நான் தூக்கிட்டு வந்திருக்கணும்” என்றேன். சிரித்தும் விட்டேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அந்த இரண்டு வாரத்தில் சேர்ந்திருந்த சந்தோஷத்தில், பழகின வாய் தானாகச் செய்த காரியம் அது.

அவரும் சிரித்தார். “ஆமா” என்றார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாக்கியத்தை முடித்து வைத்ததற்காகவா ஒரு மனுஷன் போவான்? இல்லை என்றுதான் லீமா சொல்கிறாள், எது காரணம் என்று தேடாதே என்கிறாள். ஆனால் மறுநாள் காலை லுங்கி உலையில் கிடக்கும் இரும்பு நிறத்தில் இருந்தது. நான் பேசினேன், கெஞ்சினேன், ‘அந்த வாக்கியத்தை முடிங்க, என்ன சொல்ல வந்தீங்க, முடிங்க’ என்றேன். ‘மறந்துபோச்சு ஜெசி’ என்றார், ரொம்ப சாதாரணமாக, மறந்தவர் சொல்கிற மாதிரியே. செவ்வாய்க்கிழமை அவர் பல் சிவப்பாக இருந்தது. புதன்கிழமை கண்ணின் வெள்ளை மட்டும் இரண்டு கங்குகளாக நாற்காலியில் தெரிந்தது. வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு, அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டே திரும்பினேன், நாற்காலி காலியாக இருந்தது.

காலியாக இல்லை. டம்ளரை ஸ்டூலில் வைத்தேன், அது எழும்பவில்லை, மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காலியாக ஸ்டூலில் வந்து நின்றது. கூப்பிட்டால் குரல் மட்டும் வரவில்லை. நாற்காலிக்கு எதிரே முகத்தைக் கொண்டுபோனால் சூடு அடித்தது, தோசைக்கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றால் அடிக்கிற சூடு, நெற்றி உயரத்தில் கொஞ்சம், தோள் உயரத்தில் கொஞ்சம், மடியின்மேல் இரண்டு கையளவு. லீமா வந்து தானும் முகத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு, ‘வெளிச்சம்தான்டி இது, சிவப்புக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம், கண்ணுக்குப் பதிலாத் தோலு பாக்குது’ என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

தெரு இதையும் சேர்த்துக்கொண்டது. வருகிறவர்கள் நாற்காலியைப் பார்த்து ‘நல்லா இருக்கீங்களாண்ணே’ என்கிறார்கள், பதிலுக்கு நிற்காமல் என்னிடம் பேச்சைத் தொடர்கிறார்கள். அமீன் பாய் மாதம் ஒரு தடவை வந்து எதிரே உட்கார்ந்து கடைச் செய்தி சொல்லிவிட்டு, எழும்போது சூட்டை நோக்கிக் கையை நீட்டி சலாம் வைக்கிறார். ஃபாதர் அந்துவான் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை கொண்டுவருகிறார். அவர் நீட்டுவதை ஒரு வாய் வாங்கிக்கொள்கிறது, பூசைப் புத்தகத்தில் இதற்குத் தனி முறை இல்லை என்கிறார், ஆனால் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஷீபா போனில் ‘அப்பாகிட்ட குடும்மா’ என்றால் நாற்காலிப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன், அவள் ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்கிறாள், நடுநடுவே நிறுத்துகிறாள், பேசாதவருக்கு இடம் விடுகிறாள். அந்தப் பொறுமை அவளுக்கு என்னிடமிருந்து வந்ததில்லை.

சூடு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைகிறது. அலை அங்கே நீண்டுகொண்டே இருக்கிறது என்று அர்த்தம், எட்டு பெரிதாகிக்கொண்டே, எண்ணிக்கை குறைந்துகொண்டே, ஆனாலும் கிளம்பியது எதுவும் வழியில் சோம்பாமல் அதே வேகத்தில் என்னை வந்து தொட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். தோலுக்கும் எட்டாமல் போகும் நாள் ஒன்று இருக்கும். அது ஆவணியா, ஐப்பசியா என்று லீமா சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இப்போது மணி மூன்று. கடல்நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறேன், முகத்தில் அவர் சூடு படுகிறது. வாயை மூடிக்கொண்டு இருபது நிமிஷம் இருந்தாயிற்று, இருபத்தைந்தும் ஆயிற்று.

“என்னங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க, நான் நடுவுல பேச மாட்டேன். அங்கேர்ந்து பாத்தா நான் இப்ப என்ன கலர்ல இருக்கேன்?”